காலம் செய்த குற்றமா?

"அந்தக் காலம் அப்படி!"

மூன்றே சொற்கள்! மன்னர்களின் மாளிகை வாயிலில் ஈட்டி ஏந்தி நிற்கும் மூன்று காவலர்கள்! கொடுமை குறித்து யாரேனும் கேள்வி எழுப்பினால் போதும், இந்த மூவரும் முன்னே வந்து வழி மறிக்கின்றனர். "உன் காலத்து அளவுகோலைக் கொண்டுவந்து என் காலத்து மன்னனை அளக்காதே" என்று உறுமுகின்றனர். கேட்டவன் வாயடைத்துப் போகிறான். கேட்கப்பட்டவனோ கல்லறையில் நிம்மதியாக உறங்குகிறான்.

தோழர்களே! இந்த மூன்று சொற்களில் உண்மை எவ்வளவு, உருட்டு எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டிய கடமை நமக்கு உண்டு. பகுத்தறிவு என்பது பகுத்து அறிவதுதானே! முழுவதையும் விழுங்குவதும் பகுத்தறிவன்று. முழுவதையும் துப்புவதும் பகுத்தறிவன்று.

திண்டுக்கல் மலைக்கோட்டைமீது ஒருநாள் மாலையில் ஏறி நின்று பாருங்கள். கீழே பூட்டுத் தொழிலுக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர்பெற்ற ஊர். ஒருபுறம் சிறுமலை. மறுபுறம் தொலைவில் கொடைக்கானல் மலைத்தொடர். இடையே விரிந்து கிடக்கும் வறண்ட சமவெளி. காலடியிலோ, பல கொடிகளைக் கண்ட பாறை! 1605-இல் மதுரை நாயக்க மன்னன் முத்துகிருஷ்ணப்பன் கட்டிய கோட்டை இது என்பர். திருமலை நாயக்கன் அதனை வலுப்படுத்தினான். 1755-இல் மைசூர் அரசின் படைத்தலைவனாக ஐதர் அலி இங்கு வந்தான். அவன் மகன் திப்புவின் கொடி பறந்த கோட்டையை 1790-இல் ஆங்கிலக் கம்பெனியின் படை பிடித்தது. 1792-இல் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கை திண்டுக்கல் சீமையையே கம்பெனிக்குத் தாரை வார்த்தது.

பாறை ஒன்று, கொடிகள் பல. ஆனால் இந்த மலையில் ஏறும் மனிதர்கள் பலருக்குத் தெரிவது ஒரே ஒரு கொடிதான். ஒருவர் கண்ணுக்கு நாயக்கன் மட்டும் தெரிகிறான். மற்றொருவர் கண்ணுக்குத் திப்பு மட்டும் தெரிகிறான். தம்முடையவன் என்று கருதும் மன்னனுக்கு மாலை. பிறருடையவன் என்று கருதும் மன்னனுக்குத் தார்ச்சட்டி! தம்முடையவன் செய்த கொடுமைக்கு, "அந்தக் காலம் அப்படி" என்ற மன்னிப்பு. பிறருடையவன் செய்த கொடுமைக்கு, "பார்த்தாயா அந்தக் கூட்டத்தின் புத்தியை" என்ற சாபம்! ஒரே கடையில் இரண்டு தராசு. வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று. இத்தகைய கடைக்காரனை ஊரார் என்ன பெயரிட்டு அழைப்பர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இஃது ஏட்டுச் சண்டை என்று எண்ணிவிடாதீர்கள். மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் 1985 செப்டம்பர் 15-ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்த மாவட்டம் சுமந்த பெயர்கள் எத்தனை! காயிதே மில்லத் பெயர் ஒரு காலம், அண்ணா பெயர் ஒரு காலம், மன்னர் திருமலை பெயர் ஒரு காலம். 1997-இல் விருதுநகரில் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியபோது தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கட்டபொம்மனின் படையில் நின்று கம்பெனியை எதிர்த்தவன் அவன். அவன் தாழ்த்தப்பட்ட குலத்தான் என்பதற்காக, அவன் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று சிலர் மறுத்தனர்! குருதி சிந்திற்று. இறுதியில் மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் அனைத்திலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கி, ஊர்ப் பெயர்களை மட்டும் வைத்தது அரசு.

பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள், நல்லது. ஆனால் நெஞ்சில் மாட்டிய பலகையைக் கழற்றியது யார்? ஒரே படையில் தோளோடு தோள் நின்றவர்களின் பெயரைச் சொல்லி, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்கள் அரிவாள் தூக்கினார்கள் என்றால், வரலாற்றை அளக்கும் முறையை நாம் கற்கவில்லை என்பதுதானே பொருள்? ஆகவேதான் இந்தக் கேள்வி இன்று நமக்கு உயிர்க் கேள்வி ஆகிறது: இறந்தவர்களை எப்படி மதிப்பிடுவது?

எதிரியின் வாதத்திலுள்ள நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்வோம். அஃது ஆண்மை, அறிவுடைமையுங்கூட.

அறிய வழியே இல்லாத ஒன்றை அறியவில்லை என்று எவரையும் பழிக்கக் கூடாது. 1650-இல் இந்தச் சமவெளியின் ஒரு சிற்றூரில் ஒரு தாயைக் கற்பனை செய்து பாருங்கள். குழந்தையின் உடலெங்கும் அம்மைக் கொப்புளம். வாசலில் வேப்பிலை கட்டுகிறாள். மாரியை நோக்கிக் கை கூப்புகிறாள். அவளை நோக்கி, "மூடப் பெண்ணே" என்று நகைப்பவன் பகுத்தறிவாளன் அல்லன், இதயமற்றவன்! அம்மை குத்தும் முறையை ஜென்னர் செய்து காட்டியது 1796-இல். அந்தத் தாய்க்கும் அந்த மருந்துக்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு இருள். அவள் கையில் இருந்தது வேப்பிலை ஒன்றே. ஆனால் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்கப்பட்ட பிறகும், குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம், தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்று மறுப்பவர் உண்டானால், அவரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இருவர் செயலும் ஒன்றுபோலத் தோன்றும்; ஆனால் ஒன்று அன்று. முன்னது இயலாமை, பின்னது இணங்காமை.

இந்த வேறுபாட்டை நினைவில் நிறுத்துங்கள். அறிய முடியாமை வேறு. அறிந்தும் ஒதுக்கியது வேறு. காலம் முன்னதற்குத் துணை நிற்கும். பின்னதற்கு?

இந்த உரைகல்லோடு திருமலை நாயக்கனிடம் செல்வோம்.

1623 முதல் 1659 வரை முப்பத்தாறு ஆண்டுகள் ஆண்டவன். தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு மாற்றியவன். அவன் எழுப்பிய அரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. அந்தப் பகுதியைக் கண்டே வாய் பிளக்கிறோம். புது மண்டபம், வண்டியூர்த் தெப்பக்குளம் என அவன் பெயர் சொல்லும் கல்லும் நீரும் பல. இவற்றை மறுப்பது பொய். கலையைக் கல்லெறிந்து உடைப்பவன் சீர்திருத்தக்காரன் அல்லன். தேர்தல் நடத்தவில்லையே, சட்டமன்றம் கூட்டவில்லையே என்று அவன்மீது குற்றம் சாட்டுவதும் சிறுபிள்ளைத்தனம். பதினேழாம் நூற்றாண்டு மன்னனிடம் வாக்குச்சீட்டு கேட்பது, கட்டை வண்டிக்காரனிடம் விமானச் சீட்டு கேட்பதற்கு ஒப்பாகும்.

ஆனால் அவன் ஆட்சியின் இறுதியில் நடந்த ஒரு போரைப் பாருங்கள். மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்தது. அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடு இல்லை. அறுத்த மூக்குகள் மூட்டைகளாக மைசூருக்கு அனுப்பப்பட்டன என்பது குறிப்பு. நோயுற்றுக் கிடந்த திருமலை, சேதுபதியின் துணையை நாடினான். மறவர் படை விரைந்து வந்தது. மைசூர்ப் படை சிதறிற்று. இத்துடன் நின்றிருந்தால் தற்காப்பு. நிற்கவில்லை. மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் சென்று மூக்குக்கு மூக்கு அறுத்தது! வரலாறு அதற்கு இட்ட பெயரே மூக்கறுப்புப் போர்.

"அந்தக் காலத்துப் போர் அப்படி" என்பார்கள். அப்படியா? அந்தக் காலத்து மனிதர் ஒருவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். அந்தோனியோ தெ புரோயென்சா என்ற ஏசு சபைப் பாதிரியார் அப்போது தமிழ்நாட்டில் வாழ்ந்தவர். 1679-இல் அச்சேறிய தமிழ்–போர்த்துகீசிய அகராதியைத் தொகுத்தவர் அவரே. திருமலை இறந்த 1659-ஆம் ஆண்டில், திருச்சியிலிருந்து தம் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் மூக்கறுப்பை இயல்பான போர் வழக்கமாக அவர் எழுதவில்லை. கொடுமை என்றே எழுதினார். திருமலையைப் பற்றிய அவருடைய தீர்ப்பையும் கேளுங்கள். அவனிடம் பெருங்குணங்கள் இருந்தன என்று ஒப்புக்கொள்கிறார். கட்டடங்களின் மாட்சியைப் போற்றுகிறார். அவன் இறுதிக் காலத்துத் தவறுகளையும், அவனுடைய அரசியல் வஞ்சகம் தன் குடிகளுக்கும் அண்டை நாட்டு மக்களுக்கும் விளைவித்த துன்பத்தையும் அதே கடிதத்தில் கண்டிக்கிறார்.

அவர் மதம் பரப்ப வந்தவர்தாமே, அவருக்கும் ஒரு நோக்கம் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. கேட்கத்தான் வேண்டும். சாட்சி யார், அவருக்கு ஆதாயம் எது என்று கேட்காமல் எந்த ஏட்டையும் நம்பாதீர்கள். அரசவைப் புலவனின் புகழ்ப் பாட்டையும் அப்படியே கேளுங்கள். ஆனால் ஒன்று உறுதி. திருமலையின் புகழையும் பழியையும் ஒரே தாளில் எழுதும் மனம் அந்தக் காலத்திலேயே இருந்தது. அந்தக் காலத்தவரால் செய்ய முடிந்த நேர்மையை இந்தக் காலத்தவர் செய்யக் கூடாது என்பது என்ன நியாயம்?

மேலும் ஒன்று. "அந்தக் காலம்" என்று நீங்கள் சொல்லும்போது, யாருடைய காலம்? அறுக்கச் சொன்னவனின் காலமா? அறுபட்டவளின் காலமா? மூக்கை இழந்த மைசூர் நாட்டு உழவன் மகளை அழைத்து, "இஃது உன் காலத்து வழக்கம், உனக்கு வலித்திராது" என்று சொல்ல முடியுமா? அரியணையில் இருந்தவன் மட்டுமே அந்தக் காலத்தில் வாழ்ந்தான் என்று எண்ணுவதுதான் இந்த வாதத்தின் அடிப்படைப் பொய். அடித்தவனும் அந்தக் காலம். அடிபட்டவனும் அந்தக் காலம். காலத்தைச் சாட்சிக்கு அழைத்தால் இருவரையும் அழைக்க வேண்டும்.

உடன்கட்டையை எடுத்துக்கொள்வோம். நாயக்க மன்னர்கள் இறந்தபோது நூற்றுக்கணக்கான பெண்கள் அவர்களுடன் தீயில் இறங்கினர் என்று பாதிரிமார் கடிதங்கள் கூறுகின்றன. இந்தத் திண்டுக்கல் கோட்டையைக் கட்டியதாகச் சொல்லப்படும் முத்துகிருஷ்ணப்பனின் சாவும் அவற்றில் ஒன்று. "வழக்கம் அப்படி, கற்பின் இலக்கணம் அப்படி" என்று வைதிகர் உரைப்பர்.

ஆனால் அதே குடும்பத்தில், அதே நூற்றாண்டில், மங்கம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். திருமலையின் பேரன் சொக்கநாதனின் மனைவி. 1682-இல் கணவன் இறந்தான். அவள் தீயில் இறங்கவில்லை. மகனை வளர்த்து ஆளாக்கினாள். மகனும் இறந்தபின், 1689 முதல் பதினேழு ஆண்டுகள் பேரனுக்காக நாட்டை ஆண்டாள். சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள், நிழல் மரம் நட்டாள். மதுரைச் சீமையில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. அவள் வாழ்ந்ததால் வானம் இடிந்து விழுந்ததா? மழை பொய்த்ததா? இல்லை. நாடு நிழல் பெற்றது! தீயில் இறங்காமல் வாழலாம் என்பது அந்தக் காலத்துக்குத் தெரியாத அதிசயம் அன்று. அரண்மனைக்கே தெரிந்த உண்மை. மங்கம்மாளுக்குக் கிடைத்த வாழ்வு மற்றப் பெண்களுக்கு ஏன் மறுக்கப்பட்டது? காலம் மறுக்கவில்லை, தோழர்களே! அதிகாரம் மறுத்தது.

சாதிக்கு வருவோம். திருமலை மண்டபமும் கோபுரமும் எழுப்பி அழகுபடுத்திய மதுரைக் கோயிலுக்குள், தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் நுழைய 1939 சூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வைத்தியநாதய்யர் முன்னின்று அழைத்துச் சென்றார். கக்கன் அந்தக் குழுவில் ஒருவர். சட்டத்தின் துணை அதன்பின்னரே வந்தது. அதற்கு முன்? "சாதி தவறு என்று அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்கின்றனர்.

யாருக்குத் தெரியுமா? சிவவாக்கியருக்குத் தெரியும்! கோயிலையும் குலத்தையும் கேள்வி கேட்ட சித்தர் கூட்டத்துக்குத் தெரியும்! திருமலைக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், கன்னட நாட்டுக் கலியாணத்தில் பசவருக்குத் தெரியும். அவருடைய அடியார் கூட்டத்தில் சாதி கடந்து ஒரு மணம் நடந்ததற்காக எத்தனை உயிர் போயிற்று! மறுப்புக் குரல் எழாத காலமே இல்லை. எழுந்த குரலின் கழுத்தை நெரித்துவிட்டு, "குரலே இல்லை" என்று சொல்வதற்கு வரலாறு என்று பெயரிடாதீர்கள்.

திண்டுக்கல்லில் பூட்டுச் செய்யும் தொழிலாளியைக் கேளுங்கள். சாவி இல்லாத பூட்டை அவன் செய்வதில்லை. காலமும் அப்படித்தான். வாயைப் பூட்டிய ஒவ்வொரு காலத்திலும் அதைத் திறக்கும் சாவியும் எங்கோ ஒரு கையில் இருந்தது. மன்னனின் வரலாற்றைப் படிக்கும் இளைஞன் முதலில் தேட வேண்டியது அந்தச் சாவியை!

இனி, தார்ச்சட்டி தூக்கிய கூட்டத்தைப் பார்ப்போம். திப்புவின் பெயரைக் கேட்டவுடன் இவர்களுக்குக் கண் சிவக்கிறது. திண்டுக்கல்லில் ஐதருக்கும் திப்புவுக்கும் மணிமண்டபம் எதற்கு என்று குமுறுகின்றனர். எதிர்ப்புறத்தில் மாலைக்காரர்களோ, திப்பு குற்றமே அறியாத தூயவன் என்கின்றனர். இருவருமே ஏட்டில் பாதியைக் கிழித்துவிட்டுப் படிப்பவர்கள்.

முழு ஏட்டையும் படிப்போம். 1784-இல் மங்களூர்ப் பகுதிக் கிறித்துவர்களை ஆயிரக்கணக்கில் சிறைப்பிடித்துச் சீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றான் திப்பு. வழியிலும் சிறையிலும் பலர் மாண்டனர். குடகிலும் மலபாரிலும் கட்டாய மதமாற்றம் நடந்தது. இவை உண்மை. 1791-இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டபோது, மடத்தைச் சீரமைக்கப் பொருளும் பரிவும் அனுப்பியவனும் அதே திப்பு. இதுவும் உண்மை. மாலைக்காரர் சிருங்கேரியைக் காட்டி மலபாரை மறைக்கிறார். தார்ச்சட்டிக்காரர் மலபாரைக் காட்டிச் சிருங்கேரியை மறைக்கிறார். நான் சொல்வது இரண்டும் அன்று. சிருங்கேரிதான் மலபாருக்கு எதிரான சாட்சி! பிற மதத்தாரை மதிப்பது எப்படி என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, "காலம் அப்படி, அவன் அறியான்" என்ற வாதம் அவன் விஷயத்திலும் நில்லாது. வெள்ளையனை எதிர்த்து 1799-இல் களத்தில் மடிந்த வீரம் வீரமே. குடகில் செய்த கொடுமை கொடுமையே. ஒன்றை ஒன்று கழுவாது. ஒன்றை ஒன்று அழிக்காது.

திப்புவைக் கொடுங்கோலன் என்று ஏடு ஏடாக எழுதிய வெள்ளையன் யார்? அவனுக்கு ஆதாயம் எது? பறித்த நாட்டுக்குப் பத்திரம் வேண்டாமா! அவன் ஆட்சியில்தான் 1770-இல் வங்கத்தில் பஞ்சம் பாய்ந்தது. ஒரு கோடிப் பேர் மாண்டனர் என்பது மதிப்பீடு. பஞ்சத்திலும் வரியைத் தளர்த்தாத கம்பெனி அது. அவனுக்கும் அந்த மூன்று சொற்கள் துணை வாரா. ஏனெனில் வாரன் ஹேஸ்டிங்சின் கொடுமைகளை எட்மண்டு பர்க் இலண்டன் பாராளுமன்றத்தில் முழங்கிய காலம் அது. 1788-இல் தொடங்கிய விசாரணை ஏழாண்டு நடந்து 1795-இல் விடுதலையில் முடிந்தது. தீர்ப்பு எப்படியாயினும், தவறு தவறென்று அந்த நாட்டுக்கே தெரிந்திருந்தது.

இன்றைய பகையை அன்றைய மனிதர்மேல் ஏற்றுவோருக்கு இந்தச் சமவெளியே விடை சொல்கிறது. 1772-இல் காளையார்கோயிலில் கணவனை இழந்த சிவகங்கை அரசி வேலுநாச்சியார் அடைக்கலம் புகுந்தது எங்கே? திண்டுக்கல்லை அடுத்த விருப்பாச்சியில், பாளையக்காரர் கோபால் நாயக்கரிடம். அவருக்குப் படையுதவி தந்தது யார்? ஐதர் அலி. தமிழ் பேசிய அரசி, தெலுங்கு மரபில் வந்த பாளையக்காரர், இசுலாமிய ஆட்சியாளன், மூவரும் கூடினர். 1780-இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். அதே கோபால் நாயக்கர் பின்னர்த் தென்னாட்டுக் கிளர்ச்சியாளரை விருப்பாச்சியில் ஒன்றுகூட்டினார். 1801-இல் கம்பெனி அவரைத் தூக்கிலிட்டது. இவர்களையும் தேவதைகளாக்க வேண்டாம். பாளையக்காரர் ஆட்சியும் குடிமக்களின் உழைப்பில் கொழுத்த ஆட்சிதான். ஆனால் சாதிச் சங்கத்தின் சுவரொட்டியில் அடைத்துவிடக் கூடிய அளவுக்குச் சிறியவர்கள் அல்லர் அவர்கள்.

காலம் நெருங்க நெருங்க இந்தச் சாக்கு எவ்வளவு மெலிந்துபோகிறது பாருங்கள்! 1891-இல் பெண்ணின் இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தும் சட்டம் வந்தது. பன்னிரண்டுதான்! அதையே எதிர்த்து முழங்கினார் திலகர். "காலம் அப்படி" என்பீரோ? அதே பூனாவில் 1848-லேயே பெண்களுக்குப் பள்ளி திறந்தவர் சோதிராவ் பூலே. ஒரே ஊர், ஒரே நூற்றாண்டு. ஒருவர் கதவைத் திறந்தார். ஒருவர் கதவை அடைத்தார்.

நம் நாட்டில், சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி வைக்கப்பட்டதை 1924–25-இல் தமிழகம் கண்டது. அதை நடத்திய வ.வே.சு. ஐயர் வெள்ளையனுக்கு அஞ்சாத வீரர். 1925-இல் பாபநாசம் அருவியில் மகளைக் காக்கப் பாய்ந்து உயிர் நீத்தவர். அந்த வீரத்துக்குத் தலை வணங்குவோம். ஆனால் தனிப் பந்தியை அன்றே தவறென்றனர் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும். ஐயரின் காதிலேயே விழுந்த குரல் அது. அறிய வாய்ப்பும், மாற்ற வலிமையும் இருந்தன, அவர் மாற்றவில்லை. வீரர், இந்த ஒன்றில் தவறினார். இப்படிச் சொல்வதால் வீரம் குறையாது. மறைப்பதால் நேர்மை குறையும்.

"ஊரார் வீட்டுக் கண்ணாடியைத் துடைக்கிறாயே, உன் வீட்டுக் கண்ணாடி?" என்று கேட்பீர்கள். கேளுங்கள்! நம் முன்னோடியான நீதிக் கட்சி 1921-இல் வகுப்புரிமை ஆணை தந்தது. அதே ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானம் நிறைவேறியதும் அதன் ஆட்சியில்தான். பெருமைதான். ஆனால் ஆதிதிராவிடரைக் கட்சி நடத்திய முறை பொறுக்காமல் 1923-இல் எம்.சி. ராசா வெளியேறினாரே, அதுவும் அந்தக் காலம்தான்! அவருடைய குரல் தலைவர்களின் காதில் விழாமல் இல்லை. திருமலைக்கு ஒரு தராசு, திப்புவுக்கு ஒரு தராசு வேண்டாமென்று சொன்ன நாம், நம் தலைவர்களுக்கு மூன்றாவது தராசு செய்துகொண்டால், மலைமேல் ஏறி ஒரே கொடியைக் கண்டவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

ஆகவே, எந்தப் பெரியவரின் பெயர் வந்தாலும் இளைஞர்கள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர் காலத்தில் மறுப்புக் குரல் இருந்ததா? அதை அறியும் வாய்ப்பும் ஏற்கும் வலிமையும் அவருக்கு இருந்தனவா? அவர் செயலுக்கு விலை கொடுத்தவர் யார்? இதை நமக்குச் சொல்லும் சாட்சிக்கு ஆதாயம் எது? விடை எதுவாயினும் அஞ்சாமல் எழுதுங்கள். நம் ஆள், அவர்கள் ஆள் என்று பாராமல் எழுதுங்கள். ஒரே மனிதரின் கணக்கில் வரவும் செலவும் இரண்டும் வரும். வந்தால் என்ன? மனிதர்தாமே!

கடைசியாக ஒன்று. இன்னும் முந்நூறு ஆண்டுகள் கழித்து யாரோ ஓர் இளைஞன் இதே திண்டுக்கல் மலைமீது நின்று நம்மைப் பற்றிப் படிப்பான். மலக்குழிக்குள் மனிதனை இறக்கினார்கள் என்று படிப்பான். சாதி மாறிக் காதலித்த மகளைப் பெற்றவனே வெட்டினான் என்று படிப்பான். "அந்தக் காலம் அப்படி" என்று நமக்காக யாரேனும் பரிந்து பேச வரக் கூடும். அவன் உடனே ஏட்டைப் புரட்டுவான். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் 1955-லேயே வந்துவிட்டது. மனிதக் கழிவை மனிதன் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்துவிட்டது. கழிவகற்ற எந்திரம் இருந்தது. கண்டித்துப் பேசியவர் இருந்தனர்; எழுதியவர் இருந்தனர்.

"தெரிந்திருந்ததே!" என்பான் அவன்.

திருமலைக்குக் கிடைக்கும் சலுகையில் பாதிகூட நமக்குக் கிடைக்காது, தோழர்களே. கிடைக்கவும் கூடாது. அவனுக்கேனும் இருள் கொஞ்சம் உண்டு, நமக்கோ பட்டப்பகல். இறந்தவர்களை நேர்மையாக அளக்கக் கற்பது, இருக்கும் நாம் நேர்மையாக நடக்கத்தான். அந்தக் குழிக்குள் நாளைக்கு ஒருவன் இறக்கப்படுவானேயானால், அது காலம் செய்த குற்றம் ஆகாது. நாம் செய்த குற்றம்!